ஒட்டினாத்தான் அபட்

கேள்வி: 'அபட்' (abut)ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதியில 'அடுத்திருத்தல்'னு இருக்கு. அப்போ பக்கத்துல இருக்கிற எதுக்கு வேணாலும் போடலாம்தானே? 'என் சீட் இஸ் அபட் ஜன்னல்'னு மெயில் போட்டா மேனேஜர் சிரிக்கிறாரு. நியர், நியர்னு எழுதி போரடிச்சுப் போச்சு சார்.

பதில்: போரடிச்சா லீவு போடுங்க, அதுக்காக வார்த்தையை மாத்தாதீங்க. மேனேஜர் சிரிச்சதுல தப்பே இல்ல. முதல்ல, அபட் ஒரு வினைச்சொல், அதுக்கு முன்னாடி 'இஸ்' வந்து உக்காராது. ரெண்டாவது, உங்க மேஜையோட விளிம்பு சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா மேஜை சுவத்தை அபட் பண்ணுதுன்னு சொல்லலாம், நடுவுல ஒரு விரக்கடை இடம் விட்டிருந்தாக்கூட சொல்ல முடியாது. அட்ஜசன்ட்னா தொட்டும் இருக்கலாம் தொடாமலும் இருக்கலாம், ஆனா அபட்னா எல்லையும் எல்லையும் முட்டணும். பாலத்தோட ரெண்டு முனையிலயும் தாங்குற கட்டுமானத்துக்கு அபட்மென்ட்னு பேரு, பல் டாக்டரும் எலும்புல இறக்கின இம்ப்ளான்ட்டுக்கும் மேல வைக்கிற பல்லுக்கும் நடுவுல மாட்டுற துண்டை அதே பேர்லதான் சொல்றாரு.

இது என்ன பெரிய வித்தியாசம்னு நினைக்காதீங்க, சொத்துப் பத்திரத்துல இதுக்குத்தான் காசே. மனை ரோட்டை அபட் பண்ணுதுன்னா நேரா ரோட்டுல கால் வைக்கலாம், ரோட்டுக்கு நியர்னா நடுவுல ஒரு முழம் அகலத்துக்கு வேற ஒருத்தர் நிலம் இருந்து அவரு வழி விட மாட்டேன்னு உக்காந்திருக்கலாம். இங்கிலாந்துல அந்தத் துண்டுக்கு ரேன்சம் ஸ்ட்ரிப்னே பேரு, ரேன்சம்னா பிணைத்தொகை, ஆளைக் கடத்திட்டுக் கேக்குறாங்களே அதேதான். 1961ல ஸ்டோக்ஸுக்கும் கேம்பிரிட்ஜ் நகராட்சிக்கும் நடந்த வழக்குல, வழி கிடைச்சதால நிலத்துக்கு ஏறுற மதிப்புல மூணுல ஒரு பங்கு வழியை வச்சிருக்கிறவருக்குப் போகும்னு கணக்குப் போட்டாங்க, இன்னிக்கும் அங்க பேரம் பேசுறவங்க அந்த மூணுல ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல நிலத்தை ஒட்டி நிலம் வச்சிருக்கிறவர் அபட்டர். கட்டட அனுமதி விசாரணைன்னா அவருக்கு நோட்டீஸ் போகணும், தெருவுக்கு அந்தப் பக்கம் நேர் எதிர்ல இருக்கிறவருக்கும் போகணும், ஆனா நடுவுல தெரு ஓடுறதால அவரு அபட்டர்ல சேர மாட்டாருன்னு சட்டத்துல அவரைத் தனியா எழுதி வச்சிருக்காங்க. அதுக்கும் மேல அபட்டருக்கு அபட்டர்னு 300 அடிக்குள்ள இருக்கிறவங்களும் உண்டு, கேட்டா நம்ம ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி இருக்கு!

இனி எழுதுற விதம். எதை ஒட்டி இருக்கோ அதை நேரா பக்கத்துல போடுங்க, இல்லன்னா ஆன், அப்பான், அகெய்ன்ஸ்ட் இதுல ஒண்ணைச் சேர்த்துக்கோங்க. 'வித்' வேண்டாம். இறந்த காலத்துல ரெண்டு 't' வரும் (abutted), ஏன்னா அழுத்தம் கடைசி அசையில விழுது. அப்புறம் இன்னொரு வம்பு, 'அபவுட்'னு டைப் பண்ணும்போது நடுவுல ஒரு 'ஓ' விட்டுப்போனா அது அபட் ஆயிடும், ரெண்டுமே சரியான வார்த்தைங்கிறதால பல சமயம் ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாது, அனுப்புறதுக்கு முன்னாடி நீங்கதான் கண்ணால பார்த்துப் புடிக்கணும்.