சிறு கடைக்கும் அதே பாதை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் செய்து, சொந்த இணையத்தளத்தில் விற்கிறேன். இணையச் சமநிலை என்பது என்னைப் போன்றவர்களை எப்படிப் பாதிக்கும்? (வாசகி ஒருவர்)

பதில்: அம்மா, இணையச் சேவை தரும் நிறுவனம் எந்தத் தளத்தையும் தடுக்காமலும், வேண்டுமென்றே மெதுவாக்காமலும், பணம் பெற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் முந்தவிடாமலும் இருக்க வேண்டும் என்பதே இணையச் சமநிலை. அமெரிக்காவில் 2015-இல் வந்த இவ்விதிகள் 2017-இல் கைவிடப்பட்டு, 2024-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன.

உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமானது, என் கருத்தில், இலவசம் என்ற பெயரில் வரும் சலுகைதான். குறிப்பிட்ட பெரிய செயலிகளுக்கு மட்டும் டேட்டா கழியாது என்றால், சிக்கனமாகச் செலவழிக்கும் தோட்டத்து வாடிக்கையாளர் அவற்றிலேயே தங்கிவிடுவார். உங்கள் தளத்தைத் திறப்பதற்கு அவர் தம் டேட்டாவைச் செலவிட வேண்டியிருப்பதால், முறுக்கு எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அவர் கண்ணில் படாமலே போகும். இத்தகைய பாகுபாடான கட்டணத்தை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் தடைசெய்தது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறக்கவிட்ட, முகநூல் நிறுவனத்தின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டமும் அதனால் அங்கே நின்றுபோனது. அது சரியான முடிவு என்றே உறுதியாக நம்புகிறேன்.

ஆயினும் தளம் மெதுவாகத் திறந்தால், முதலில் படங்களின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.