என் அப்பாவின் அருமை இவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி:

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். என் பிரச்சினை பணமோ உடம்போ இல்லை, என் அப்பாவைப் பற்றியது. அவருடைய அருமை என் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தவர். யாரிடமும் கை நீட்டியதில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "அவர் பிள்ளையா நீ?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கும் என்பார்கள். அவர் உதவியால் படித்து மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர். தாத்தாவும் அப்படித்தான், சொன்ன சொல் தவறாதவர். எங்கள் குடும்பத்தில் தலைகுனிந்து நின்றவர் என்று ஒருவரும் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்குப் பெருமைப்படுவதில் என்ன தப்பு?

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்புறம் அம்மாதான் எங்களை வளர்த்தார். அம்மாவும் பெரிய மனுஷிதான், இப்போது என்னோடுதான் இருக்கிறார்.

என் மனைவி நல்லவள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தாலே எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டதற்கு, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே நாலு கதையைத்தான் சொல்றீங்க" என்றாள். அவளுடைய அப்பாவைப் பற்றி நான் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இந்தக் காலத்தில் நேர்மையான மனிதர் ஒருவரைப் பற்றிக் கேட்கக்கூட ஆளில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். என் அக்கா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. அப்பாவின் நினைவு நாளுக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் அப்பாவைப் பற்றிப் பேசி முடித்து உட்கார்ந்தேன். எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது. அக்கா மட்டும் "உனக்குத் தெரிஞ்ச அப்பா வேற, எனக்குத் தெரிஞ்ச அப்பா வேற" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தனை பேர் முன்னால்! அவர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவர்தானே அக்காவும்? அன்றிலிருந்து நான் அக்காவோடு பேசுவதில்லை.

அக்கா செய்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். என் மகள் பத்தாவது படிக்கிறாள். நடுவில் ஒரு பரீட்சையில் கணக்கில் ஃபெயில். எங்களிடம் மூச்சு விடவில்லை. அத்தைக்குப் போன் பண்ணி, "அப்பாவுக்குத் தெரிஞ்சா தாத்தா பேரைக் கெடுத்துட்டேன்னு சொல்வார்" என்று அழுதிருக்கிறாள். ரேங்க் கார்டில் என் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள். இவ்வளவும் தெரிந்தும் அக்கா என்னிடம் சொல்லவில்லை, பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தம்பிக்கு ஒரு அக்கா செய்கிற காரியமா இது? மகள் சின்னப் பெண், ட்யூஷனில் சேர்த்தாகிவிட்டது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா விஷயம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

பெற்றவரை மதிப்பது ஒரு தவறா? இவர்களுக்கெல்லாம் என் அப்பாவின் அருமையை எப்படிப் புரியவைப்பது?

ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

தவறே இல்லை. நல்ல மனிதருக்குப் பிள்ளையாகப் பிறந்ததில் பெருமைப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, நினைவு நாளில் பேசியபோது உங்களுக்கு வந்த கண்ணீரும் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் மனைவியையும் அக்காவையும் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லப்போவதில்லை. மகளைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறீர்கள், அதையும் அக்கா மேல் வைக்கிற குற்றத்துக்குச் சாட்சியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை.

பத்தாவது படிக்கிற ஒரு பெண் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிற அளவுக்குப் பயந்திருக்கிறாள். அடி விழும் என்றோ திட்டு விழும் என்றோ அவள் பயந்ததாகத் தெரியவில்லை. தாத்தாவின் பேர் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறாள். அவள் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்ட, அவள் ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் பேர் அது! கணக்கில் தவறுவது ட்யூஷனில் சரியாகிவிடலாம். இந்தப் பயத்தை எந்த ட்யூஷனும் எடுக்காது. உங்கள் குடும்பத்தில் தலைகுனிந்து நின்றவர் ஒருவரும் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, கணக்கில் ஃபெயிலான பெண் அந்த வரிசையில் எங்கே போய் நிற்பாள் சொல்லுங்கள்.

அவள் அத்தையைத் தேடிப் போனதையும் யோசித்துப் பாருங்கள். குடும்பத்தில் எத்தனையோ பேர் இருக்க, தாத்தாவை வேறு மாதிரியும் பார்க்கலாம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆளிடம் போயிருக்கிறாள். தவறு செய்தவளுக்கு அங்கேதான் இடம் கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் அக்கா கையெழுத்து விஷயத்தையாவது உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ சொல்லியிருக்கலாம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் மகளுக்கு அழுவதற்கு ஒரு இடமும் மிஞ்சியிருக்காது. இதில் நான் அக்கா பக்கம்தான் அதிகம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். 1980களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேரி மெய்ன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்பதற்காக ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அம்மாவோடு உங்கள் உறவு எப்படி இருந்தது என்று ஐந்து வார்த்தைகள் கேட்பார்கள், அப்பாவுக்கும் அதே மாதிரி ஐந்து. அப்புறம் ஒவ்வொரு வார்த்தைக்கும், ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள், அதற்கு ஒரு நினைவு சொல்லுங்கள் என்பார்கள். "அன்பானவர்", "தங்கமானவர்" என்று மளமளவென வார்த்தைகள் வரும், நினைவு கேட்டால் சிலருக்கு எதுவும் வராது. பெற்றோரை உயரத்தில் தூக்கி வைத்திருப்பதற்கு அந்த இடைவெளியை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கடிதத்தை வைத்து உங்களை எந்த வகையிலும் சேர்க்க மாட்டேன், அது பயிற்சி பெற்றவர்கள் நேரில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனாலும் இது மனதில் இருந்ததால் உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். அப்பாவைப் பற்றி அதில் வருகிற எல்லாமே மற்றவர்கள் சொன்னது. கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள், கோபத்தில் நியாயம் இருக்கும் என்கிறவர்கள், அவரால் முன்னுக்கு வந்தவர்கள். நீங்களும் அவரும் மட்டும் இருக்கிற ஒரு பொழுது, அவர் உங்களிடம் சொன்ன ஒரு வார்த்தை, அவர் சிரித்தது, உங்கள் மேல் எரிந்து விழுந்தது, ஒன்றுமே இல்லை. அதே நாலு கதை என்று உங்கள் மனைவி சொன்னதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது, பக்கத்திலேயே இருந்து பார்க்கிற ஒருவர் கவனித்துச் சொன்னதாகப் படுகிறது. உங்களிடம் நாலு கதைதான் இருக்கிறது. ஏனென்றால் உங்களுக்கு அவரோடு கிடைத்தது அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு. பதினான்கு வயது இருக்குமா? சின்ன வயதில் எல்லாக் குழந்தைக்கும் அப்பா அம்மா மலை மாதிரிதான், அப்படித் தெரிவது தேவையும்கூட. ஹைன்ஸ் கோஹுட் என்ற மனநல மருத்துவர் 1970களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். அந்த உயரம் ஒரேயடியாக இடியாமல், குழந்தை தாங்குகிற அளவில், சின்னச் சின்ன ஏமாற்றங்களாகக் குறைய வேண்டும் என்பார். அப்பாவுக்கு இது தெரியவில்லை, அப்பா இன்றைக்குத் தப்பாகப் பேசிவிட்டார், அப்பாவும் பயப்படுகிறார். இப்படிக் குறைகிற ஒவ்வொரு முறையும் பெற்றவரிடம் பார்த்து வியந்த பலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைக்கே சொந்தமாகிறது. அப்பாவோடு சண்டை போட்டு, அவர் மேல் எரிச்சல்பட்டு, அப்புறம் ஒருநாள் அவரையும் ஒரு மனிதராகப் பார்க்கிற அந்த வருஷங்கள் தொடங்கும்போது உங்கள் அப்பா போய்விட்டார். செத்துப்போனவரோடு ஒரு பையன் எப்படிச் சண்டை போடுவான்? அவர் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டார், நீங்களும் அந்தப் பையனாகவே கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அக்கா பெரியவர், அந்த வருஷங்கள் அவருக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். அதனால் அவருக்கு வேறு அப்பா தெரிகிறார். அதை நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள் இப்போது அதே வயதை ஒட்டித்தான் இருக்கிறாள். அந்த வயதுப் பிள்ளையோடு ஒரு அப்பா எப்படி இருப்பார் என்பதை நீங்கள் பார்க்காமலே வளர்ந்துவிட்டீர்கள். பார்க்காததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? அதனால் அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது நீங்கள்.

குடும்பக் கதை பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ரொம்பவும் தேவை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர், 2001 வாக்கில் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, அவர்களுக்குச் சின்ன வயதில் என்ன நோய் வந்தது, பள்ளியில் என்ன நடந்தது, இந்த மாதிரி. நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு அதிகமாக இருந்தது. சாதனைகளை மட்டும் கேட்கவில்லை பாருங்கள், நோயையும் கெட்ட அனுபவத்தையும் கேட்டார்கள். எப்போதும் ஏறிக்கொண்டே போன குடும்பக் கதையைவிட, ஏறினோம், விழுந்தோம், சேர்ந்து தாங்கினோம் என்கிற கதைதான் பிள்ளைக்கு அதிகம் உதவுகிறது என்று டியூக் சொல்வார். கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் பலன் இல்லை, அந்தக் கதைகள் வீட்டுப் பேச்சில் தானாக வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அந்தக் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, நீங்கள்தான் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். "அம்மாவும் பெரிய மனுஷிதான்." கணவர் திடீரென்று போன பிறகு இரண்டு பிள்ளைகளை அவர் எப்படி வளர்த்தார்? யாரிடம் போய் உதவி கேட்டார்? எந்த முடிவைத் தப்பாக எடுத்தார்? உங்கள் குடும்பத்தின் மேல் வாழ்நாளெல்லாம் பெருமைப்படப் போதுமான கதை அது, தலைகுனிந்து நின்று மறுபடி நிமிர்ந்தவரின் கதை. அவர் அடுத்த அறையில் இருக்கிறார். உங்கள் மகள் கேட்டால் சொல்வார். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் கேட்டிராததும் அதில் வரும்.

மகளிடம் நீங்கள் பேச வேண்டும், அந்தப் பேச்சில் தாத்தா வரவே கூடாது. உதாரணமாகக்கூட வேண்டாம், ஆறுதலுக்காகக்கூட வேண்டாம். கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும், ஒரு முறை சொன்னால் போதும். அதற்கப்புறம், "என்கிட்ட சொல்ல முடியாம எவ்வளவு நாள் கஷ்டப்பட்டே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது. வரும்வரை அறிவுரை சொல்லாமல் இருப்பது உங்களுக்குக் கஷ்டம்தான். பத்தாவது படிக்கும்போது நீங்கள் சொதப்பியது ஏதாவது இருக்கும், அப்பா போன அடுத்த வருஷம், இல்லாமலா இருக்கும்? அவள் கேட்டால் அதையும் சொல்லலாம்.

இதையெல்லாம் படிக்கும்போது தொண்டை அடைத்தால், நேரில் ஒரு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். பதினான்கு வயதில் அழுது முடிக்காத அழுகை எந்த வயதிலும் வரலாம், தனியாக இருந்து சமாளிக்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். நினைவு நாளில் நடந்ததை எடுக்க வேண்டாம். மகளைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு நன்றி சொல்லுங்கள், வாய் வரவில்லை என்றாலும் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு நாள், நேரில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, "உனக்குத் தெரிஞ்ச அப்பாவைப் பத்திச் சொல்லுக்கா" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் உங்களுக்கு வலிக்கிறதும் இருக்கலாம், நீங்கள் ஏங்குகிறதும் இருக்கலாம். அப்பாவுக்காகப் பாதியில் வாதாடக் கிளம்பாமல், அவர் முடிக்கிறவரை கேளுங்கள்.