அப்பாவிடம் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். முற்றிவிட்டது. அவரிடம் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். பாலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை தரும் டாக்டர், அவரோடு பேச வேண்டும் என்கிறார். தெரிந்தால் அப்பா உடைந்துபோவார் என்று அண்ணன் தடுக்கிறான். வலிக்கு மார்ஃபின் என்ற போதை வகை மருந்து கொடுக்கவும் பயம். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேரளத்து மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் தன் ஆரம்பகால அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியோடு ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்தார். வலியைக் கடத்தும் நரம்பை அடக்கும் ஊசி போட்டதும் வலி போய்விட்டது. அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், வலி திரும்பினால் ஒழிய வரவேண்டாம் என்றார் டாக்டர். சாதாரணப் பேச்சுதான். ஆனால் அந்த ஊசியே நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை என்று நம்பி வந்திருந்தார் அவர். இனி செய்ய ஒன்றுமில்லை என்பது அந்தப் பதிலில்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ராஜகோபால் இதைத் தன் தவறாகவே சொல்கிறார். நரம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த டாக்டர், அந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. பிறகு 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்களோடு சேர்ந்து வலி நிவாரண கிளினிக்கைத் தொடங்கினார்.

"பார்த்தாயா, தெரிந்ததால்தானே?" என்பார் உங்கள் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் ஆளில்லாத நேரத்தில், வாய்தவறி விழுந்த ஒரு பதிலில் தெரிந்தது, அதுதான் சிக்கல். உங்கள் அப்பாவுக்கும் மருந்துச் சீட்டோ, வார்டு பலகையோ, ஊரிலிருந்து வந்து அழும் அத்தையோ சொல்லிவிடலாம். ஒருவேளை ஏற்கெனவே தெரிந்து, உங்களுக்காக அவரும் நடித்துக்கொண்டிருக்கலாம்.

நல்ல பாலியேட்டிவ் டாக்டர் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டார். "உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்பார். "எல்லாம் பசங்ககிட்ட பேசிக்கோங்க" என்று அப்பா சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்வார்.

அப்புறம் மார்ஃபின். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்ளவே பயந்தன. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல்தான் பெரும் தொல்லை. அதற்கும் கூடவே மருந்து கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவோடு டாக்டர் பேசுவதற்கு முன்னால் அண்ணனை ஒருமுறை அவரிடம் அனுப்புங்கள். அண்ணனுக்கும் யாரிடமாவது பேசவேண்டியிருக்கும்.