நடைக் குழுவினருடன் ஒரு நாள் காட்டு நடை புதியவருக்குச் சரிப்படுமா?

சிட்னிக்கு அண்மையில் குடிவந்த ஒருவர், காட்டில் நடந்து பழக்கமில்லாத தாம் ஒரு நடைக் குழுவுடன் சேர்ந்து, சிட்னிக்கு மேற்கே உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் ஒரு நாள் நடை போகலாமா, அதற்கு உடம்பு எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போகலாம். ஆனால் நம் ஊர் மலைகளில் ஏறிய தைரியத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் திண்டாடினேன்.

வெள்ளியங்கிரியும் பருவதமலையும் ஏறியவனுக்கு மலை என்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம், பிறகு வீடு. ப்ளூ மவுண்டன்ஸில் இந்தக் கணக்கு தலைகீழ். 1813இல் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் ஆகிய வெள்ளையர் மூவர் மலை முகட்டைப் பற்றிக்கொண்டே மேற்கே போனார்கள் (பூர்வகுடி மக்களுக்கு அந்த வழிகள் அதற்கு வெகு காலம் முன்பே தெரியும்). பின்னால் வந்த நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஏறத்தாழ அந்த முகட்டின் மேலேயே போடப்பட்டன. ஆகவே நிலையங்கள் உச்சியில் இருக்கின்றன, ஓடைகள் பள்ளத்தில் இருக்கின்றன. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிய ஆழத்தை, கால் ஓய்ந்த பிற்பகலில் ஏறித் தீர்க்க வேண்டும்.

என் முதல் நடை, ஃபால்கன்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி ஸ்பிரிங்வுட் நிலையத்தில் ரயில் ஏறுவதாக, ஒரு ஜூலை மாதக் குளிரில் அமைந்தது. நடத்திச் சென்றவர் எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மையார். நடைமேடையிலேயே பன்னிரண்டு பேரையும் எண்ணி, பொறுப்பு அவரவருடையது என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி, மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்து, கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒருவரை நியமித்தார். பாதை எங்கெல்லாம் பிரிகிறதோ அங்கெல்லாம் அந்தக் கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் நகரக் கூடாது என்பதே அன்றைய சட்டம்.

மேலே யூகலிப்டஸ் மரங்களும் காய்ந்த சருகும்தான். பாதி தூரம் இறங்கியதும் கதவைத் திறந்து வேறு அறைக்குள் நுழைந்தாற்போல் காற்று குளிர்ந்தது. முகட்டில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கிப் பள்ளத்தின் சுவர்களில் கசிகிறது. வெயிலும் சுடுகாற்றும் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. அதனால் சசாஃப்ரஸ் ஓடையை ஒட்டி, மேலே காண முடியாத கோச்வுட் மரங்களும் பெரணிகளும் அடர்ந்து கிடக்கின்றன. ஓடைக்குப் பெயர் தந்த மரத்தின் உதிர்ந்த இலையை ஒருவர் கசக்கிக் கொடுத்தார். எனக்கு நன்னாரி சர்பத்தின் நினைவு வந்தது.

ஓடையைக் கடக்கும்போதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. அடித்தளம் தேய்ந்த ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அது நனையக் கூடாது என்று பாசி படிந்த கல்லிலிருந்து கல்லுக்குத் தாவினேன். மூன்றாவது கல்லில் வழுக்கி, முழங்கையில் தோல் உரிந்தது. "கல்லை நம்பாதீர்கள், தண்ணீருக்குள்ளேயே காலை வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மையார் கணுக்கால் அளவு நீரில் சாவகாசமாக நடந்து போனார். அதன்பின் நான் நனைந்த காலுடன்தான் நடந்தேன், ஆனால் விழவில்லை.

சசாஃப்ரஸ் ஓடை கிளென்புரூக் ஓடையில் கலக்கும் பெர்ச் பாண்ட்ஸ் என்ற இடத்தில் உணவு. என் புளிசாதத்தை ஆளுக்கொரு கரண்டி சுவைத்தார்கள். எதிர்க் கரையில் விப்பேர்டின் சாட்டையடிக் குரலும், உடனே குக்கபராவின் சிரிப்பும், அடுத்து ஏதோ ஒரு கிளியின் கூச்சலும் ஒரே புதரிலிருந்து வந்தன. எல்லாமே, மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக் குளிர்காலத்தில் பாடும் ஒரு லயர்பேர்டின் கைங்கரியம் என்றார்கள். பறவை கண்ணில் படவில்லை. அங்கேதான் புளூ கம் என்ற யூகலிப்டஸ் வகை மரக் காட்டின் கதையையும் கேட்டேன். 1931 ஈஸ்டர் விடுமுறையில் அதே ப்ளூ மவுண்டன்ஸில் உள்ள குரோஸ் பள்ளத்தாக்குக்குப் போன நடைக் குழுவினர், அந்த மரங்களை வெட்டி வால்நட் பயிரிடக் குத்தகைதாரர் ஒருவர் திட்டமிட்டிருப்பதை அறிந்து, 130 பவுண்டு திரட்டிக் கொடுத்து அந்தக் குத்தகையை மீட்டார்கள். காடு இன்றும் நிற்கிறது.

பிறகு மக்டாலா ஓடை வழியாக ஏற்றம். மார்ட்டின் அருவி வரை சமாளித்தேன். அதற்குமேல் படிகள் முடிவதாகத் தெரியவில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை நான் நின்றேன். நான் நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்த அந்தக் கடைசி ஆள் குனிந்து தம் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார். அத்தனை முறை அவிழும் கயிறு உலகத்தில் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பழக்கமில்லாதவர் நண்பர்களோடு போகாமல் குழுவோடு போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அவர்தான் காரணம். நண்பர்களோடு போயிருந்தால் முன்னே போனவர்கள் மேலே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

பல குழுக்கள் உறுப்பினராவதற்கு முன் விருந்தினராகச் சில நடைகளுக்கு வர அனுமதிக்கின்றன. பிடிப்புள்ள சப்பாத்து, இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு ஆகியவை கட்டாயம். கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாள்களில் பூங்காக்களை மூடிவிடுவார்கள். அன்று நடை இல்லை என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். பள்ளத்தில் கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. பின்னாளில் தனியாகப் போக நினைத்தால், செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் அவசரக் கருவியைக் காவல்துறையினர் ப்ளூ மவுண்டன்ஸில் இலவசமாகவே இரவல் தருகிறார்கள். ஈரக் காலத்தில் அட்டைகளும் உண்டு. காலுறையை முழுக்கால்சட்டையின் மேல் இழுத்து விடுங்கள்.

நடை அறிவிப்பில் தூரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கடைசி ஏற்றம் எவ்வளவு என்று கேளுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால் இரண்டு வாரம் லிஃப்டை மறந்துவிட்டுப் படியேறிப் பாருங்கள், காலையில் அல்ல, வேலை முடிந்து களைத்து வரும் மாலையில்.