யார் கையெழுத்து? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘அமாதோர்’ (1979) படம் பார்த்தேன். போலந்தில் ஒரு சின்ன ஊர். தொழிற்சாலைக் கொள்முதல் பிரிவில் இருக்கும் பிலிப், பிறக்கப்போகும் குழந்தையைப் படம்பிடிக்க 8 எம்எம் கேமரா வாங்குகிறான். ஆலையின் 25ஆம் ஆண்டு விழாவை எடுக்கச் சொல்கிறார் நிர்வாகி. அப்படியே ஊரின் உண்மைகளையும் எடுக்க ஆரம்பிக்கிறான். மனைவி போய்விடுகிறாள். ஒருவருக்கு வேலை போகிறது. கடைசியில் பிலிம் சுருளை வெளிச்சத்தில் விரித்து அழித்துவிடுகிறான்.

நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேலதிகாரி போலி பில்களில் பணம் எடுக்கிறார். எழுதிப்போடலாம் என்றால், “பிள்ளை பிறக்கிற நேரத்துல ஊர் வம்பு எதுக்கு” என்கிறாள் மனைவி. உண்மைக்காகக் குடும்பத்தை இழந்த பிலிப்பில் என்னையே பார்த்தேன். அவன் சுருளை அழித்தது கோழைத்தனம்தானே? கீஸ்லோவ்ஸ்கி கம்யூனிச எதிர்ப்பாளரா? நல்ல சப்டைட்டிலோடு படம் எங்கே கிடைக்கும்?

கே.

அன்புள்ள கே.,

கம்யூனிச எதிர்ப்பாளரா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அந்தப் படத்துக்கு 1979 மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பரிசு கொடுத்தார்கள். அவர்களுக்கே வராத சந்தேகம் நமக்கெதற்கு?

‘உண்மைக்காகக் குடும்பத்தை இழந்தவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். அவன் மனைவி இர்கா வீட்டைவிட்டுப் போவது எப்போது? ஊரின் முன்பக்கச் சுவர்களுக்கு மட்டும் வெள்ளையடித்து, பின்கட்டு இடிந்து கிடப்பதை பிலிப் அம்பலப்படுத்திய பிறகா? இல்லை. அதற்கு முன்பே போய்விடுகிறாள். அமெச்சூர் பட விழாவில் மூன்றாம் பரிசு வாங்கி, பெரிய மனிதர்கள் தோளில் கைபோட்டு, கால் தரையில் படாமல் திரிகிறானே, அந்த நாட்களில். அவன் குடும்பத்தைக் கொடுத்து வாங்கியது கைத்தட்டலை. அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது இரண்டு கை விரல்களையும் சேர்த்துக் கேமரா சட்டகம்போல் பிடித்து அவளைப் பார்க்கிறானே, அதில் உண்மை எங்கே இருக்கிறது? ஷாட் நன்றாக வருமா என்று பார்க்கிறான். பிலிப்பாக நடித்த யெர்ஸி ஸ்டூர் அதைச் செய்யும் விதத்தில் எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

சரி, வேலை போனது யாருக்கு? உங்கள் கடிதத்தில் அவர் வெறும் ‘ஒருவர்’. அவர் பெயர் ஓசுக். வயதானவர். ஆலையில் பிலிப்புக்கு ஆதரவாக நின்றவரே அவர்தான். பிலிப் எடுத்த படம் டிவியில் வந்ததும் தலை உருண்டது அவருக்கு. நிர்வாகிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிர்வாகியும் வில்லன் இல்லை. ஒதுக்கிய பணத்தை ஊரின் வேறு தேவைக்குத் திருப்பிவிட்டவர். பிலிப்பைக் கூட்டிக்கொண்டு நடந்தபடியே அதைச் சொல்கிறார். திருட்டு என்று நாம் நினைத்தது பாதி நிர்வாகம் என்று தெரியும்போது பிலிப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். (உங்கள் மேலதிகாரி அப்படித்தான் என்று சொல்லவில்லை. அவர் சுத்தத் திருடனாகவே இருக்கலாம்.)

நான் முப்பது வருடம் முன்பு ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்டரில் 400 மூட்டை சிமெண்ட் இறங்கும், கொட்டகையில் 360தான் இருக்கும். மொட்டைக் கடுதாசி போடவில்லை. பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். எஞ்சினியர் வேறு சைட்டுக்கு மாற்றலாகிப் போனார். கேட் பாஸில் இருந்த கையெழுத்து ஸ்டோர் கீப்பர் அண்ணாச்சியுடையது. வேலை போனது அவருக்கு.

கிளம்புகிற அன்று சாவிக்கொத்தை என்னிடம்தான் ஒப்படைத்தார். ஒவ்வொரு சாவியிலும் ஒரு நூல் கட்டியிருப்பார். “பச்சை பெயிண்ட் ரூம், சிவப்பு கம்பிக் கொட்டகை, இந்த வெள்ளை நூல் அறுந்திரும், மாத்திக்கோங்க தம்பி.” அவ்வளவுதான் பேசினார். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அந்தக் கேரியரில் இருந்துதான் ஒன்றரை வருடம் மத்தியானக் குழம்பு சாப்பிட்டிருந்தேன். கடிதம் நான் போட்டது என்று அவருக்குத் தெரியுமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், அதன் பிறகு இரண்டு வருடம் அந்தக் கதையை என் நேர்மைக்குச் சான்றாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணாச்சி வரும் பகுதியை விட்டுவிட்டுச் சொல்வேன்.

‘அமாதோர்’ எடுத்த கீஸ்லோவ்ஸ்கிக்கே இப்படி ஒன்று நேர இருந்தது. 1980இல் வந்த அவருடைய ‘ஸ்டேஷன்’ ஆவணப்படத்துக்காக வார்சா ரயில் நிலையத்தில் பயணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி போலீஸ் வந்து பிலிம் முழுவதையும் எடுத்துப்போனது. தாயைக் கொன்ற ஒரு பெண், உடலை அங்கே லாக்கரில் வைத்திருந்தாளாம். அவள் படத்தில் அகப்பட்டிருக்கிறாளா என்று தேடினார்கள். அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அவர் போலீஸுக்கு ஆள்காட்டியாகியிருப்பார், தான் அறியாமலே. கொலைகாரிதானே, பிடிபட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் எடுக்கிறவன் கையில் இல்லை, யாரைப் பிடித்துக்கொடுப்பது என்பது. ஆவணப்படத்திலிருந்து அவர் விலகியதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்கிறேனா? இல்லை ஐயா. எழுதுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், மேலதிகாரி இருக்கிறார். அந்த பில்லை டைப் செய்கிற ஆள் எங்கே? சரிபார்த்ததாக இனிஷியல் போடுகிற ஆள் எங்கே? தற்காலிகப் பணியாளரா, அவருக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு வரி இல்லை. முதலில் அந்த ஃபைலை எடுத்து, கீழே யார் கையெழுத்து என்று பாருங்கள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். எழுதப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியட்டும். முடிந்தால் அவரும் சேர்ந்து எழுதட்டும். எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், பெயர் போட்டு எழுதுகிற திமிரில் இருந்தேன்.

சுருளை அழித்தது கோழைத்தனமா என்று கேட்டீர்கள். இருக்கலாம். அதன் பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பேச ஆரம்பிக்கிறான். ஆலையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. விடிகாலையில் இர்கா வலி வந்து தன்னை எழுப்பியதிலிருந்து ஆரம்பிக்கிறான்.

சப்டைட்டில் தேடினால் கிடைக்கும். உங்கள் மனைவிக்கு இது எத்தனையாவது மாதம் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.