எதிர்ப்பு சக்திப் பொடி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் அக்கா பையனுக்கு 14 வயது. கழுத்தில் நெறி கட்டி, படுத்தால் மூச்சு முட்டியது. எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சுக்குள் கட்டி. டி செல் லுகேமியா, ஒரு வகை ரத்தப் புற்று என்றார்கள். கீமோ நடக்கிறது. காசிமேட்டு மாமா ஒருவர், “எதிர்ப்பு சக்தி ஏறினால் புற்று தானாக அடங்கும்” என்று ஒரு டப்பா பொடி வாங்கி வந்திருக்கிறார். அக்கா பாலில் கலந்து கொடுக்கலாம் என்கிறாள். காவல் செல்களுக்குப் பலம் சேர்ந்தால் நல்லதுதானே?

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

பொடியை டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின் போன்ற கீமோ மருந்துகளே ஈரலுக்குப் பாரம். என்ன கலந்தது என்று தெரியாததை அதன்மேல் ஏற்றக் கூடாது. மாமா பிரியத்தில்தான் வாங்கியிருப்பார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் அங்கேதான் டி செல்கள் என்ற காவல் வெள்ளை அணுக்களாகத் தேறுகின்றன. கிளை கிளையாகக் கை நீட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள், செத்ததை விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ்கள் என்று வேறு காவல் செல்களும் சுற்றி இருந்து அவற்றை வளர்க்கின்றன. அந்தப் பிள்ளைகளில் ஒன்று கெட்டுப்போய்க் கட்டில்லாமல் பெருகியதுதான் உங்கள் பையனின் நோய். நெஞ்சில் கட்டி தெரிந்ததும் அதனால்தான்.

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் எர்லிக் என்பவரின் குழு இதை எலிகளில் ஆராய்ந்தது. கட்டியிலிருந்து புற்றுச் செல்களை மட்டும் பிரித்து ஆய்வகத் தட்டில் வைத்தார்கள். சத்து நீர் இருந்தும் அவை தாக்குப்பிடிக்கவில்லை. அதே கட்டியில் இருந்த டென்ட்ரிட்டிக் செல்களைக் கூடச் சேர்த்ததும் பிழைத்துக்கொண்டன. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருளை வாங்கிக்கொள்கிற ஏற்பியை அந்தக் காவல் செல்கள் முடுக்கிவிட்டிருந்தன. இது 2016இல் வெளிவந்தது. 2020இல், எலியின் உடம்பில் இந்த வகைக் காவல் செல்களைக் குறைத்தபோது லுகேமியாவும் குறைந்ததைக் காட்டினார்கள். அப்புறம், இரண்டு செல்களும் ஒட்டி நின்றால்தான் இந்த உதவி நடக்கிறது என்பதும் தெரிந்தது.

படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லத் தோன்றும். இங்கே வேலி எதையும் மேயவில்லை. களைக்குக் கொழுகொம்பாக நிற்கிறது. கெட்ட பிள்ளை என்று தெரியாமல், வளர்த்த கை இன்னும் சோறு ஊட்டுகிறது. அப்படியிருக்க, “எதிர்ப்பு சக்தியை ஏற்று” என்றால் எந்தச் செல்லை ஏற்றுவது? ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்புகிற மாதிரி இல்லை இது.

இந்த ஆராய்ச்சியால் பையனின் சிகிச்சை இன்று மாறப்போவதில்லை. அவனைக் காப்பது கீமோதான். முறையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் குழந்தைகளுக்கு வரும் இந்த வகை லுகேமியாக்கள் பத்தில் எட்டுக்கு மேல் குணமாகின்றன. இரண்டு, மூன்று வருடம் இழுக்கும். நடுவில் நன்றாக இருக்கிறானே என்று நிறுத்திவிடாதீர்கள்.

மாமாவின் பயத்தில் ஒரு நியாயமும் உண்டு. கீமோவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சரியும். கிருமியை முதலில் எதிர்கொள்பவை அவைதான். அவை குறைந்திருக்கும் நாட்களில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு இரண்டு மணி ஆனாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். தெருமுனை ஆட்டோக்காரர் நம்பரை இன்றைக்கே வாங்கி அக்காவின் போனில் பதிந்து வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்