ஆலை மூடினால் கூலி இல்லை

கேள்வி: விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ரயில் வந்த பிறகுதான் தொழிலாளர்களுக்கு விடுமுறையில் வெளியூர் போகும் ஆசை பிறந்தது என்றும், முதலாளிகளும் அதற்கு மனமுவந்து நாள் ஒதுக்கினார்கள் என்றும் படித்தேன். அவ்வளவு தாராள மனம் அந்தக் காலத்துக்கு இருந்ததா?

பதில்: இல்லை. ஆலைகள் பெருகுவதற்கு முன்பே அந்நாட்டு உழைப்பாளிகளுக்கு ஓய்வு நாள்கள் இருந்தன. புனிதர்களின் திருநாள்கள், ஊர்த் தேவாலயத் திருவிழாக்கள், நெசவாளர்களும் பிற கைவினைஞர்களும் 'புனிதத் திங்கள்' என்று பெயர் சூட்டித் தாங்களாகவே எடுத்துக்கொண்ட திங்கட்கிழமைகள் என்று ஆண்டு முழுவதும் அவை வந்துகொண்டிருந்தன. நீராவி இயந்திரம் ஓயாமல் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும் என்ற கணக்கு வந்ததும் அவை ஒவ்வொன்றாகப் பறிபோயின. சுமார் 33 நாள்களை விடுமுறையாக அனுசரித்துவந்த இங்கிலாந்து வங்கிகூட 1834இல் அவற்றை நான்காகக் குறைத்துவிட்டது. விக்டோரியா அரசி 1837இல் பட்டமேறியபோது மக்கள் இழந்து நின்ற நாள்கள் இவை.

வட இங்கிலாந்தில் உள்ள லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களின் தொழிலாளர்கள் மட்டும் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. 'வேக்ஸ்' எனப்பட்ட தங்கள் ஊர்த் திருவிழா நாள்களில் அவர்கள் வேலைக்கு வராமலே இருந்தார்கள். ஆளில்லாமல் ஆலையை ஓட்ட முடியாத முதலாளிகள், வேறு வழியின்றி ஆலையை மூடி, கொதிகலனைக் கழுவவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அந்த நாள்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இதைத்தான் நீங்கள் படித்த நூல் மனமுவந்து கொடுத்ததாகச் சொல்கிறது. மூடிய நாள்களுக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி, அந்தப் பணத்தில்தான் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார்கள். கூலியோடு விடுமுறை என்பதற்கான சட்டம் அரசி மறைந்து 37 ஆண்டுகள் கழித்து, 1938இல்தான் வந்தது.

ரயிலின் பங்கை நான் மறுக்கவில்லை. 1846இல் பிளாக்பூலுக்குத் தண்டவாளம் போடப்படாதிருந்தால் அந்தச் சேமிப்பு அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. ஆனால் அவர்களைக் கிளப்பியது நிலக்கரிப் புகையும், பஞ்சுத் தூசி படிந்த நுரையீரலும், கடற்காற்று உடம்பைத் தேற்றும் என்ற மருத்துவர்களின் பேச்சுமாகும். குடியிலிருந்து மக்களை விலக்க நினைத்தவர்களுக்கும் இதில் இடமுண்டு: பின்னாளில் சுற்றுலா நிறுவனத்தால் புகழ்பெற்ற தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று ரயிலில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஏறக்குறைய 500 பேரை அழைத்துச் சென்றது மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகத்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டமும் வங்கிகளுக்கென்று எழுதப்பட்டதே. வங்கி மூடினால் வணிகமும் நின்றுவிடும் என்பதால், ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை கடைக்காரர்களுக்கும் எழுத்தர்களுக்கும் விடுமுறையாயிற்று.

சேமிக்கவும் வழியில்லாதவர்களை நீங்கள் படித்த நூல் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கிழக்கு லண்டனின் ஏழைப் பெண்கள், கோடை முடியும் வேளையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்ட் மாவட்டத்துக்குப் போய், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் பூக்களைக் கூலிக்குப் பறித்தார்கள், வைக்கோல் பரப்பிய கொட்டகைகளில் படுத்தார்கள். அந்தச் சில வாரங்களைத்தான் அவர்கள் தங்கள் விடுமுறை என்று சொல்லிக்கொண்டார்கள்.